கண்டி வீதி கண்டிக்குத்தான் போகிறது

கொஞ்சம் நீளமான பதிவு. படிக்கிற பிள்ளைகள் இருக்கிற வீட்டுக்காரர் தயவுசெய்து கடைசிவரை வாசியுங்கோ.

போன தவணை ஒரு பாடசாலையில் மலைநாட்டுக்குக் கல்விச் சுற்றுலா போனார்கள். ஏசி பஸ், டிஜே பாட்டு, மூன்று நாளில் ஏழெட்டு இடம். வகுப்பில் நன்றாகப் படிக்கிற ஒரு பிள்ளை போகவில்லை. ஏன் என்று கேட்டேன். "எனக்கு பஸ்ஸில சத்தி வரும் ரீச்சர்" என்றாள். இரண்டு கிழமை கழித்து அவளின் தாயாரைச் சந்தையில் கண்டேன். "ரெண்டு பிள்ளையள் ரீச்சர். ரெண்டு பேருக்கும் கட்டேலாது. ஒராளை மட்டும் அனுப்பவும் மனம் கேக்கேல்ல" என்றார்.

போன பிள்ளைகளிடம் என்ன பார்த்தீர்கள் என்று கேட்டேன். பேராதனைப் பூந்தோட்டம், நுவரெலியா வாவி, எல்ல ஒன்பது வளைவுப் பாலம் என்று ஒப்புவித்தார்கள். மலையில் நடந்தீர்களா என்றால், இல்லை. தேயிலைத் தோட்டத்து ஆட்களோடு கதைத்தீர்களா என்றால், அதுவும் இல்லை. கண்ணாடிக்கு வெளியே பச்சையாக ஏதோ ஓடியது, அவ்வளவுதான்.

நாங்கள் மலையில்லாத ஊர்க்காரர். யாழ்ப்பாணத்தில் மலை என்று பெயர் வைத்திருப்பது கீரிமலை. அங்கே போனாலும் கடலும் கேணியும்தான். ஆனபடியால் எங்கள் பிள்ளைக்கு மலை என்பது புவியியல் புத்தகத்தில் இருக்கிற சமவுயரக் கோடு. அந்தக் கோடு நெருங்கினால் சரிவு கூட என்று பாடமாக்கி எழுதி விடுவார்கள். முழங்காலுக்கு அது தெரியாது.

இத்தனைக்கும் மலைக்குப் போகிற பாதை எங்கள் வாசலில்தான் கிடக்கிறது. நல்லூரிலிருந்து அரியாலைப் பக்கம் போனால் கண்டி வீதி. ஏ9 என்று நாங்கள் சொல்கிற பாதை கண்டியில் தொடங்கி யாழ்ப்பாணத்தில் முடிகிறது. யுத்தகாலத்தில் வருடக்கணக்காக மூடிக் கிடந்ததால், அது எங்கே போகிற வீதி என்பதே எங்களுக்கு மறந்துபோய்விட்டது. இப்போது யாழ்ப்பாண பஸ் நிலையத்தில் இரவு ஏறினால் விடிய கண்டியில் இறங்கலாம்.

என் அபிப்பிராயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். எங்கள் பிள்ளைகளைப் பத்துப் பன்னிரண்டு பேராக, சாதாரண பஸ்ஸில், இரண்டு மூன்று பெரியவர்களோடு கூட்டிப்போய் மலையில் நடக்க வைக்க வேண்டும். ஐம்பது பேரை ஏசி பஸ்ஸில் ஏற்றிப்போய்க் காட்டிவிட்டுக் கொண்டுவருவதை விட இது மலிவு, பாடமும் கூட.

போகிற வழியைச் சொல்கிறேன். கண்டிக்குப் போகிற பஸ் மாத்தளையைத் தாண்டித்தான் போகிறது. மாத்தளையில் இறங்கினால் இறத்தோட்டைப் பக்கம் போகிற பஸ் இருக்கிறது. அந்தப் பாதையில்தான் நக்கிள்ஸ் மலைத்தொடரின் றிவர்ஸ்டன். கண்டி வரை போனால், நகரத்திலிருந்து நடந்தே உடவத்தகலைக் காட்டுக்குப் போகலாம். நூறு ஹெக்டேயருக்குக் கொஞ்சம் கூடிய, அந்தக்கால அரசர்களின் காடு. முதல்முறை போகிற சின்னப் பிள்ளைகளுக்கு அதுவே காணும். நடக்கக் கூடியவர்கள் ஹந்தானைக்கு பஸ் எடுக்கலாம். அங்கிருந்துதான் பீக்கோ ட்ரெயில் என்ற நெடும்பாதை தொடங்குகிறது. வெள்ளைக்காரன் காலத்துத் தோட்டப் பாதைகளைத் தொடுத்து 22 கட்டமாக, 300 கிலோமீற்றருக்கு மேல் நுவரெலியா வரை போகிறது. முழுவதும் நடக்கத் தேவையில்லை. முதற்கட்டம் ஹந்தானையிலிருந்து கலஹா வரை, சுமார் 13 கிலோமீற்றர். கலஹாவில் கண்டி பஸ் நிற்கும். காலமை ஒரு பஸ், பின்னேரம் ஒரு பஸ், நடுவில் நடை.

போன விடுமுறையில் என் மகனையும் தங்கச்சி குடும்பத்தையும் கூட்டிக்கொண்டு அந்தக் கட்டத்தை நடந்தேன். வழியில் கொழுந்து எடுத்துக்கொண்டு நின்ற ஒரு அம்மா, "எந்த ஊருங்க?" என்று கேட்டார். யாழ்ப்பாணம் என்றேன். "அங்கயிருந்து வர்றவங்க வேன்லதானே போவாங்க, நடக்க மாட்டாங்களே" என்று சிரித்தார். மகன் அந்தக் கூடையைத் தூக்கிப் பார்த்தான். எவ்வளவு எடுக்கவேண்டும் என்று கேட்டான். குறித்த கிலோ எடுக்காவிட்டால் அன்றைக்கு அரைப் பேர்தான், முழுச் சம்பளம் இல்லை என்று அவர் விளங்கப்படுத்தினார். திரும்பி வரும்வரை அவன் அதைப் பற்றித்தான் கேட்டுக்கொண்டு வந்தான். 1948இல் அந்த மக்களின் பிரஜாவுரிமை பறிபோனதை நான் வகுப்பில் எத்தனையோ தரம் படிப்பித்திருக்கிறேன். ஒரு பிள்ளையும் என்னிடம் இப்படித் திருப்பிக் கேள்வி கேட்டதில்லை.

இதைச் சொல்ல எனக்கு வெட்கம்தான். ஆனாலும் சொல்கிறேன். மலையக மக்களை இழிவாகச் சொல்கிற ஒரு சொல் எங்கள் ஊரில் இன்னும் புழக்கத்தில் இருக்கிறது. தமிழர் வீட்டிலும் இருக்கிறது, முஸ்லிம் வீட்டிலும் இருக்கிறது. அந்த மக்களின் முன்னோர் மன்னாரில் இறங்கி, வன்னிக் காட்டுக்குள்ளால் மாத்தளை வரை நடந்து போனவர்கள். வழியில் செத்தவர்கள் எத்தனையோ பேர். 2023இல் இருநூறு வருட நினைவாகத் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு மக்கள் மறுபடி நடந்தார்கள். நாங்கள் பத்திரிகையில் படம் பார்த்தோம். அவர்கள் நடந்த தூரத்தில் ஒரு துண்டையாவது எங்கள் பிள்ளை நடந்தால், அந்தச் சொல் அவன் வாயில் வராது என்று நம்புகிறேன்.

மலைக்கும் எங்களுக்கும் தொடர்பில்லை என்று நினைக்கிறவர்களுக்கு ஒரு பழைய கதை. 1344இல் இப்னு பதூதா இந்தத் தீவுக்கு வந்தார். புத்தளத்தில் யாழ்ப்பாண அரசரான ஆரியச் சக்கரவர்த்தியைச் சந்தித்தார். பாவா ஆதம் மலையைப் பார்க்கவேண்டும், வேறொன்றும் வேண்டாம் என்றார். அரசர் பல்லக்குக் கொடுத்து, நான்கு யோகிகள், மூன்று பிராமணர், தன் ஆட்கள் பத்துப் பேர், சாப்பாட்டுச் சாமான் சுமக்கப் பதினைந்து பேர் என்று கூட அனுப்பினார். நல்லூரைத் தலைநகராகக் கொண்ட அந்த இராச்சியத்தின் அரசர் ஒரு முஸ்லிம் பிரயாணியை மலைக்கு வழியனுப்பி வைத்திருக்கிறார். 1990க்குப் பிறகு நாங்கள் புத்தளத்தில் இருந்த காலத்தில்தான் இந்தக் கதையை முதலில் கேட்டேன். ஊர் திரும்புவோமா என்று தெரியாத நேரத்தில் அது எனக்குப் பெரிய ஆறுதல்.

அந்த மலையைத்தான் சிவனொளிபாதமலை என்றும் சிறீபாத என்றும் சொல்கிறோம். உயரம் 2,243 மீற்றர். டிசெம்பர் போயாவிலிருந்து மே மாத வெசாக் வரை பருவகாலம். கண்டியிலிருந்து ஹற்றன், அங்கிருந்து மஸ்கெலியா வழியாக நல்லதண்ணி வரை பஸ் போகும். அதன்பிறகு ஐயாயிரத்துக்கு மேற்பட்ட படிகள். இரவிரவாக ஏறுகிற கூட்டத்தில் நாலு சமயத்தவரும் இருப்பார்கள்.

நீங்கள் கேட்கப்போகிற கேள்விகள் தெரியும். முதலாவது, பாதுகாப்பு. மழைக்காலத்தில் போகவே கூடாது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கையைப் பார்க்காமல் வெளிக்கிடவும் கூடாது. தெரியாத காட்டுப் பாதைக்கு உள்ளூர் வழிகாட்டி இல்லாமல் இறங்கவும் கூடாது. இரண்டாவது, பொம்பிளைப் பிள்ளைகள். அதற்காகத்தான் தாய்மாரும் கூட வரவேண்டும் என்கிறேன். அந்தத் தாய்மாரில் எத்தனை பேர் மலை கண்டிருக்கிறார்கள்? மூன்றாவது, சாப்பாடும் தொழுகையும். மாத்தளையிலும் அக்குறணையிலும் கண்டியிலும் பள்ளிவாசலும் ஹலால் கடையும் உண்டு. சைவக் கடையும் உண்டு. நான்காவது, அட்டை. இப்னு பதூதாவே அட்டையைப் பற்றி எழுதியிருக்கிறார், தேசிக்காய்ப் புளி விட்டால் விழுந்துவிடும் என்று. இரண்டு தேசிக்காய் கொண்டுபோங்கோ.

பஸ்ஸில் இடம் கிடைக்காமல் நிற்க வேண்டி வரலாம். சத்தியும் வரலாம். எங்கள் மகனுக்கு வந்தது. பக்கத்தில் இருந்த சிங்கள ஆச்சி ஒருவர் தன் பையிலிருந்து இஞ்சித் துண்டொன்றை எடுத்துக் கொடுத்தார். பாஷை விளங்கவில்லை, இஞ்சி விளங்கியது.

பாடசாலை மூலம் போவதென்றால் வலயக் கல்விப் பணிமனையின் அனுமதி எடுக்கவேண்டும். அதிபர்மார் யோசியுங்கோ. ஐம்பது பேருக்கு ஒரு பெரிய சுற்றுலாவுக்குப் பதிலாக, பன்னிரண்டு பேராக நான்கு தரம் போகலாம். அதுவரை சனசமூக நிலையங்களும் பள்ளிவாசல் இளைஞர்களும் குடும்பங்களும் தொடங்கலாம்.

பருவகாலம் தொடங்கி, மழை விட்ட பிறகு ஹந்தானைக்கு மறுபடி போகிறேன். நாலைந்து குடும்பம் சேர்ந்தால் நல்லம். ஆளாளுக்கு பஸ் காசும் சாப்பாட்டுக் காசும்தான், வேறு கட்டணம் இல்லை. சந்தையில் கண்ட அந்தத் தாயாரிடம் சொல்லிவிட்டேன். இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு தானும் வருகிறாராம்.