ட்ரெயின் மேனேஜர்

ஆபீஸில் லீவ் கேட்கும்போது ‘அம்மாவுக்கு ஜுரம்’ என்று தைரியமாகச் சொல்லலாம். சுகர், பி.பி., முட்டி வலி எல்லாமே கௌரவமான வியாதிகள். ‘அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய் ஆபரேஷன்’ என்று சொல்லிப் பாருங்கள்... நாக்கு பாதி வழியில் பிரேக் போடும். நான் ‘‘சின்ன ஆபரேஷன் சார்’’ என்றேன். மேனேஜரும் ‘‘லேடீஸ் ப்ராப்ளமா?’’ என்று தரையைப் பார்த்துக் கேட்டு, மேற்கொண்டு விசாரிக்காமல் பத்து நாள் சாங்ஷன் செய்துவிட்டார். கூச்சத்தில் இப்படி ஒரு சௌகரியம்!

இன்றைக்கு நம் நாட்டுப் பெண்களுக்கு வருகிற புற்றுநோய்களில் முதலிடம் இதற்குத்தான். ஆனாலும் ஆம்பளைகள் நமக்கு இது வார்டுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து செல்போன் நோண்டுகிற சப்ஜெக்ட். நானும் அந்த பெஞ்சில்தான் இருந்தேன், டிஸ்சார்ஜ் வரை.

டிஸ்சார்ஜ் அன்று நர்ஸ் வந்து, ‘‘ரெண்டு ட்ரெயினோட அனுப்பறோம்’’ என்றார்.

அப்பா ரயில்வேயில் 34 வருஷம் கார்டாக இருந்து ரிடையரானவர். ‘‘எந்த ட்ரெயின்மா? நாங்க வில்லிவாக்கம்தான், ஆட்டோலயே போயிடுவோம்’’ என்றார்.

நர்ஸ் போர்வையை லேசாக விலக்கிக் காட்டினார். அம்மாவின் விலாவிலிருந்து இரண்டு குழாய். ஒவ்வொன்றின் நுனியிலும் ஹார்மோனியத் துருத்தியைக் குட்டியாக்கின மாதிரி ஒரு பிளாஸ்டிக் டப்பா. உள்ளே சிவப்பாகத் திரவம். அப்பா உடனே ஃபேனைப் பார்க்க ஆரம்பித்தார்.

‘‘வீட்ல யார் பார்த்துப்பாங்க? டாட்டர் இருக்காங்களா?’’

அக்கா ஹைதராபாத். ஆபரேஷனுக்கு வந்துவிட்டு, பிள்ளைகள் பரீட்சை என்று முந்தின நாள்தான் ரயிலேறினாள். நர்ஸ் அறையைச் சுற்றும் முற்றும் பார்த்தார். பெண் யாரும் தட்டுப்படவில்லை. கடைசியில் என்னைப் பார்த்து, ‘‘சரி, நீங்க வாங்க’’ என்றார். பத்து நிமிஷம் ட்ரெயினிங். (இது அந்த ட்ரெயின் இல்லை!)

விஷயம் இதுதான். மார்பகத்தோடு அக்குளில் இருக்கிற நெறிக்கட்டிகளையும் எடுத்துவிடுகிறார்கள். அமெரிக்காவில் ஹால்ஸ்டெட் என்ற டாக்டர் 1894-ல் எழுதி வைத்த ஆபரேஷனில் நெஞ்சுத் தசையையும் சேர்த்து எடுத்தார்கள். இப்போது தசையை விட்டு வைக்கிறார்கள். ஆனால் எடுத்த இடம் காலி மனை மாதிரிதானே? அதில் நிணநீர் ஊறித் தேங்கும். தேங்கினால் தோல் ஒட்டாது, சீழ் வைக்கலாம். அதனால்தான் குழாய். துருத்தியை அமுக்கிக் காற்றை வெளியேற்றி, அமுக்கியபடியே மூடியைப் போட்டுவிட வேண்டும். அது மெள்ள விரியும்போது உள்ளே இருக்கிற நீரை உறிஞ்சிக்கொள்ளும்.

காலையும் ராத்திரியும் வேலை. சோப்பு போட்டுக் கை கழுவு, க்ளாம்ப் போடு, மூடியைத் திற, அவுன்ஸ் கிளாஸில் ஊற்று, எத்தனை மில்லி என்று எழுது, அமுக்கு, மூடு, க்ளாம்பை எடு. மூடியின் உள்பக்கம் விரல் படக் கூடாது. 24 மணி நேரத்தில் 30 மில்லிக்குக் கீழே, அதுவும் இரண்டு நாள் தொடர்ந்து வந்தால் குழாயை எடுப்போம் என்பது எங்கள் டாக்டர் கணக்கு. சில டாக்டர்கள் 20 என்பார்களாம். கேட்டுக்கொள்ளுங்கள்.

படிக்க ஈஸியாக இருக்கிறதல்லவா? முதல் ராத்திரி அம்மா கதவைச் சாத்திக்கொண்டாள்.

‘‘நீ ஆம்பளப் புள்ள. உனக்கு எதுக்குடா இது? நானே பண்ணிக்கறேன், போ.’’

பண்ண முடியாது. ஆபரேஷன் ஆனது வலது பக்கம். துருத்தியை அழுத்தவே நல்ல கை ஒன்று வேண்டும். மூடியை யார் போடுவது? பத்து நிமிஷம் கழித்து உள்ளேயிருந்து, ‘‘இருக்கியாடா?’’ என்று சன்னமாகக் குரல்.

ஒரு ஏற்பாடு செய்தோம். கழுத்திலிருந்து இடுப்பு வரை பெரிய பூத்துவாலை. அதற்கு வெளியே குழாயும் டப்பாவும் மட்டும். அம்மா கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள். பீரோ கண்ணாடி மேல் ஒரு புடவை தொங்கியது. அவளே போட்டிருக்கிறாள். நான் அதைப் பற்றிக் கேட்கவில்லை.

மூன்றாம் நாள் குழாயில் ரத்தக்கட்டி ஒன்று அடைத்தது. ‘‘மில்க் பண்ணணும்’’ என்று நர்ஸ் சொல்லியிருந்தார். தோல் பக்கம் ஒரு கையால் குழாயைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கை விரல்களால் டப்பா பக்கமாக உருவ வேண்டும். நான் உருவின அழகைப் பார்த்து... ஆமாம், பார்த்து! அம்மா கண்ணைத் திறந்திருந்தாள்.

‘‘இப்படி வெடுக்குனு இழுத்தா மாடே உதைக்கும்டா. பதமா இறக்கு.’’

செய்யாறு பக்கம் பத்து வயசிலிருந்து மாடு கறந்தவள். கட்டி வழுக்கிக்கொண்டு இறங்கியது. ‘‘எத்தனை?’’ என்றாள். ‘‘அக்குள் 95, நெஞ்சு 50.’’ ‘‘நேத்து 120 இல்ல? பரவாயில்லை.’’

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் பேச்சு வந்தது. நெறிக்கட்டி ரிப்போர்ட் வரப் பத்து நாள் ஆகும் என்றிருந்தார்கள். அதைப் பற்றி யாரும் வாயைத் திறக்கவில்லை. வாய்க்குள் பயம் கெட்டியாக உட்கார்ந்திருந்தது. ஆனால் மில்லியைப் பற்றிப் பேசலாமே! நிறம் பற்றிப் பேசலாம். சிவப்பு, ரோஸ், பிறகு வெளிறின மஞ்சள்... அதுதான் முறையான வரிசை. அப்பாகூட வாசலில் நின்றபடியே, ‘‘ஸ்கோர் என்னடா?’’ என்பார். உள்ளே வரமாட்டார். தண்டவாளத்தில் எதையெதையோ பார்த்த மனுஷர்!

பக்கத்து வீட்டு மாமி விசாரிக்க வந்தபோது, அம்மா டப்பாக்களை நகைக்கடை மஞ்சப்பையில் போட்டு இடுப்பில் கட்டியிருந்தாள். (டப்பா எப்போதும் காயத்துக்குக் கீழேதான் இருக்க வேண்டும், தொங்கி இழுக்கவும் கூடாது.) மாமியின் கண் பையை விட்டு நகரவில்லை. குழாய் விஷயம் தெரிந்ததும், ‘‘அந்த இடத்துல கொஞ்சம் மஞ்சளைக் குழைச்சுப் பூசுங்கோ’’ என்றார். டாக்டர் சொல்லாத எதையும் அங்கே வைக்கக் கூடாது. அம்மா, ‘‘இவன்தான் டாக்டர், இவனைக் கேளுங்க மாமி’’ என்று என்னைக் கைகாட்டினாள். மாமி என்னைப் பார்த்த பார்வையை ஒரு தனிக் கட்டுரையாக எழுதலாம்.

ஏழாம் நாள். மார்ச் மாத எண்ட் க்ளோஸிங்குக்கு அரை நாளாவது வா என்று மேனேஜர் கூப்பிட்டதால் போனேன். ராத்திரி எட்டரைக்கு அப்பாவின் போன்.

‘‘டவுன் லைன்ல வேக்குவம் நிக்கலைடா.’’

எனக்குப் புரியவில்லை. அம்மா திரும்பிப் படுத்ததில் நெஞ்சுக் குழாய், டப்பாவோடு சேருகிற இடத்தில் தளர்ந்துவிட்டது. துருத்தி அமுக்கின மாத்திரத்தில் உப்புகிறது. ‘‘வேக்குவம் பிரேக்ல ஹோஸ் கழண்டா இப்படித்தான்’’ என்றார். பிரேக் வேனில் வேக்குவம் கேஜைப் பார்த்தே வயசைக் கழித்தவருக்கு, இது கடைசியில் தெரிந்த மெஷினாகிவிட்டது! அவரே வார்டுக்கு போன் போட்டிருக்கிறார். நர்ஸ் சொன்னபடி இணைப்பை ஸ்பிரிட்டால் துடைத்து, அழுத்திச் செருகி, மறுபடி அமுக்கி, ஒரு மணி நேரம் எதிரே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கிறார். ‘‘நின்னுடுச்சு. நீ அவசரப்படாம வா.’’

நான் வந்து பார்த்தபோது என் நோட்டு அவர் கைக்குப் போயிருந்தது. அக்குள் குழாய்க்கு ‘அப்’, நெஞ்சுக் குழாய்க்கு ‘டவுன்’ என்று தலைப்பு. மணி, நிமிஷம், மில்லி, நிறம், கையெழுத்து. ரயில்வேயில் கார்டு பதவிக்கு 2022-ல் ட்ரெயின் மேனேஜர் என்று பேர் மாற்றிவிட்டார்கள். ‘‘எனக்குத்தான் அந்தப் பேரு கிடைக்கலை’’ என்று குறைப்பட்டுக்கொண்டிருந்தவர் அவர். அம்மா, ‘‘இப்ப கிடைச்சுடுச்சுங்க’’ என்றாள். தையல் இழுக்கும் என்று சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

உங்களில் யாருக்காவது இந்த வேலை வந்தால் ஒன்றை மட்டும் ஞாபகம் வையுங்கள். நேற்று 80, இன்று 0 என்றால் ஸ்வீட் வாங்காதீர்கள், அடைத்திருக்கலாம். அதே மாதிரி திடீரென்று பளீர் சிவப்பாக நிரம்பினாலோ, ஜுரம், நாற்றம், சீழ், சுற்றிலும் சிவந்து சூடாக இருந்தாலோ, குழாய் வெளியே வந்துவிட்டாலோ உடனே ஆஸ்பத்திரிக்கு போன். நம் ஊரில் ‘காலையில் பார்த்துக்கலாம்’ என்பது தேசிய கீதம். இதற்கு ஆகாது.

ஒன்பதாம் நாள் டவுன் லைன் எடுத்தார்கள். பதினோராம் நாள் ரிப்போர்ட் வந்தது. 14 நெறிக்கட்டியில் 3-ல் இருந்தது. கீமோ உண்டு. அம்மா ரிப்போர்ட்டை மடித்துக் கொடுத்துவிட்டு, ‘‘சாயங்காலத்துக்கு இன்னும் அளக்கலையே’’ என்றாள். அளந்தோம். 40.

பதினாலாம் நாள் அப் லைனும் போயிற்று. ஒரு வாரத்தில் அக்குளில் லேசாக வீக்கம். நீர் சேர்ந்திருக்கிறது, சகஜம்தான் என்று டாக்டர் ஊசி போட்டு உறிஞ்சினார். அம்மா கண்ணை மூடவில்லை. சிரிஞ்சையே பார்த்துக்கொண்டிருந்து, ‘‘எத்தனை டாக்டர்?’’ என்றாள்.

‘‘45 மில்லி.’’

அப்பா சட்டைப் பையிலிருந்து நோட்டை எடுத்து, கடிகாரத்தைப் பார்த்துவிட்டு எழுதிக்கொண்டார்.