வீட்டுக் கடனை மாற்றலாமா? முதலில் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்க

“பேங்க்ல 1.8 விழுக்காடுதான். நீ இன்னும் 2.6 கட்டிக்கிட்டு இருக்கியா?”

உங்கள் வாட்ஸ்அப் குழுவிலும் இப்படி ஒரு கேள்வி வந்திருக்கலாம். கேட்டவுடன் கை துறுதுறுக்கும். கொஞ்சம் பொறுங்க.

ஏன் இந்தப் பேச்சு?

வீவக தரும் வீட்டுக் கடனுக்கு வட்டி 2.6 விழுக்காடு. அது மசேநிதி சாதாரணக் கணக்கின் வட்டியைவிட 0.1 விழுக்காடு அதிகம். 1999இலிருந்து அது மாறவில்லை.

வங்கி வட்டி அப்படியில்லை. 2022 இறுதியில் நிலையான வட்டித் திட்டங்கள் 4 விழுக்காட்டைத் தாண்டின. 2025இல் அவை 2 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கின. மூன்றே ஆண்டில் பாதிக்கும் கீழ்!

மாற்றினால் எவ்வளவு மிச்சம்?

உங்களுக்கு இன்னும் 300,000 வெள்ளி கடன் பாக்கி, 20 ஆண்டு மீதம் என்று வைத்துக்கொள்வோம். வட்டி 2.6இலிருந்து 1.8க்குக் குறைந்தால், முதல் ஆண்டில் வட்டியில் மட்டும் ஏறத்தாழ 2,400 வெள்ளி மிச்சம்.

மாற்றுவதற்கும் செலவு உண்டு. வழக்கறிஞர் கட்டணம், வீட்டு மதிப்பீட்டுக் கட்டணம் எல்லாம் சேர்த்து 3,000 வெள்ளி ஆகிறது என்றால், அதை மீட்க ஏறக்குறைய 15 மாதம் வேண்டும். அதற்குப் பிறகு வருவதுதான் உண்மையான லாபம்.

பாக்கி 80,000 வெள்ளிதான் என்றால்? ஆண்டுக்கு 640 வெள்ளிதான் மிச்சம். அதே செலவை மீட்கக் கிட்டத்தட்ட 5 ஆண்டு ஆகும். அதற்குள் வீட்டை விற்கும் எண்ணம் இருந்தால், மாற்றுவதில் அர்த்தமில்லை.

ஏற்கெனவே வங்கிக் கடனா?

முதலில் ‘லாக்-இன்’ காலம் முடிந்துவிட்டதா என்று பாருங்கள். பொதுவாக அது 2 அல்லது 3 ஆண்டு. இடையில் வெளியேறினால் பாக்கிக் கடனில் 1.5 விழுக்காடு வரை அபராதம் கேட்கலாம். 300,000 வெள்ளிக்கு அது 4,500 வெள்ளி. முன்பு வங்கி ஏற்றுக்கொண்ட வழக்கறிஞர் கட்டணத்தையும் திருப்பிக் கேட்கக்கூடும்.

வேறு வங்கிக்குப் போகாமல், அதே வங்கியிடம் குறைந்த வட்டித் திட்டம் கேட்கலாம். இதைத்தான் ‘ரீப்ரைசிங்’ என்பார்கள். பெரும்பாலும் சில நூறு வெள்ளி நிர்வாகக் கட்டணத்தோடு வேலை முடிந்துவிடும். கேட்டுப் பார்ப்பதில் நட்டமில்லையே!

வீவக கடனா? இதைக் கவனியுங்க

வீவக கடனிலிருந்து வங்கிக்கு மாறினால், அந்த வீட்டுக்கு மறுபடியும் வீவக கடன் கிடைக்காது. இது ஒருவழிப் பாதை.

வங்கியின் குறைந்த வட்டி, முதல் சில ஆண்டுகளுக்குத்தான் உறுதி. அதன் பிறகு அது பெரும்பாலும் சோரா விகிதத்தோடு சேர்ந்து ஏறி இறங்கும். அதே 300,000 வெள்ளியை 20 ஆண்டில் கட்டும் மாதத் தவணையைப் பாருங்கள்:

• 1.8 விழுக்காட்டில் சுமார் 1,490 வெள்ளி
• 2.6 விழுக்காட்டில் சுமார் 1,600 வெள்ளி
• 4 விழுக்காட்டில் சுமார் 1,820 வெள்ளி

இன்று மாதம் 110 வெள்ளி குறையலாம். வட்டி மறுபடியும் 4க்குப் போனால், வீவக கடனில் கட்டியதைவிட 220 வெள்ளி கூடுதலாகக் கட்ட வேண்டிவரும். அந்த நேரத்தில் வேலை போயிருந்தால், புதிய வங்கி உங்கள் வருமானத்தைப் பார்த்துக் கடன் தர மறுக்கவும் கூடும்.

அப்போ யார் மாறலாம்?

கடன் பாக்கி பெரிதாக இருக்க வேண்டும். செலவை மீட்கும் காலத்தைத் தாண்டியும் அதே வீட்டில் இருக்கும் திட்டம் வேண்டும். 4 விழுக்காட்டுத் தவணையையும் திணறாமல் கட்ட முடிய வேண்டும். மூன்றுக்கும் ‘ஆமாம்’ என்றால், தாராளமாக விசாரிக்கலாம். மூன்றாவதுக்குத் தயங்கினால், வீவக கடனிலேயே இருப்பது நல்லது.

வங்கிக் கடன் வைத்திருப்போருக்கு இன்னொன்று: வேறு வங்கிக்கு மாறப் பொதுவாக 2 அல்லது 3 மாதத்துக்கு முன்பே அறிவிப்புக் கொடுக்க வேண்டும். ‘லாக்-இன்’ முடியும் தேதிக்கு 4 மாதம் முன்னதாகக் கைப்பேசியில் ஒரு நினைவூட்டல் போட்டு வையுங்க.