நாவன்மை பிறவிச் சொத்தன்று

மேடைப்பேச்சு கருவிலேயே வாய்க்கும் வரப்பிரசாதம் என்றும், அது வாய்க்காதவர் செய்யும் அப்பியாசமெல்லாம் விழலுக்கு இறைத்த நீர் என்றும் நண்பர் ஒருவர் எழுதியிருப்பதைப் படித்தபோது, கூச்சத்தால் வாய் திறவாதிருக்கும் எத்தனை இளைஞர் இதை நம்பிவிடுவரோ என்று மனம் பதைத்தது.

பம்பாய் ஸ்மால் காஸஸ் கோர்ட்டில் 30 ரூபாய் பீஸுக்கு ஒரு வழக்கை ஏற்று, குறுக்கு விசாரணை செய்ய எழுந்த காந்தியடிகள், தலை சுழல, ஒரு கேள்வியும் கேட்க மாட்டாமல் உட்கார்ந்து வழக்கையே கைவிட்டதை அவருடைய சுயசரிதமே சொல்லுகிறது. அதே மனிதர், 1893-இல் தென்னாப்பிரிக்கா சென்றபின், பிரிட்டோரியாவில் இந்திய வர்த்தகர்கள் கூடிய சபையில், வியாபாரத்தில் சத்தியம் என்னும் விஷயத்தை முன்னதாகவே ஆயத்தம் செய்துகொண்டு போய்ப் பேசினார். சொல்லியே தீரவேண்டிய பொருளும், அதற்கான ஆயத்தமுமே அவருக்கு நாவைத் தந்தன.

பொருளைப் போலவே குரலுக்கும் பழக்கம் வேண்டும். நம் மொழியில் வினைமுற்று பெரும்பாலும் வாக்கியத்தின் கடைசியில் நிற்பதால், மூச்சை முன்னரே செலவழித்துவிடுகிற பேச்சாளர் ‘வேண்டும்’ என்றாரா, ‘வேண்டாம்’ என்றாரா என்பதே பின்வரிசைக்குக் கேட்பதில்லை. இக்குறையைப் பிறவியின்மேல் சுமத்துவது என்ன நியாயம்? என்னிடம் படித்த மாணவன் ஒருவன், தினந்தோறும் ஒரு பக்கம் உரக்க வாசித்து, வினைமுற்றுக்கு முன் மூச்சு வாங்கப் பழகி, நாநுனியை மேலண்ணத்தை நோக்கி வளைத்து ழகரத்தைத் திருத்திக்கொண்டு, ஆறே மாதத்தில் ஆண்டு விழாவில் கடைசிப் பெஞ்சுக்கும் கேட்கப் பேசினான். நண்பர் ஒருமுறை வந்து அவன் பேச்சைக் கேட்கட்டும்.