விண்ணப்பமும் மொழிப்பாடமே

பகுதி ஒன்று தமிழ் வகுப்பில் கடிதப் பயிற்சி நெடுங்காலமாக நடைபெற்று வருகின்றது. சுற்றுலா சென்று வந்ததை நண்பனுக்கு விவரித்தல், தெருவிளக்கு வேண்டி நகராட்சி ஆணையருக்கு எழுதுதல் ஆகியவற்றை மாணவர் மனப்பாடமாகவே எழுதுவர். நாமும் மதிப்பெண் வழங்குவோம். அவ்வாறு நன்மதிப்பெண் பெற்ற மாணவி ஒருவர், தமக்குக் கல்வி உதவித்தொகை வந்து சேராதது குறித்து எழுதிய விண்ணப்பத்தைச் சென்ற ஆண்டு நம்மிடம் காட்டினார். இரண்டு பக்கம். குடும்ப வறுமை இருந்தது. தாயாரின் உடல்நலக் குறைவு இருந்தது. பணிந்து வேண்டுதல் மும்முறை இருந்தது. விண்ணப்ப எண் இல்லை. எந்தக் கல்வியாண்டுக்குரிய தொகை என்பதும் இல்லை. “இவையெல்லாம் கேட்பார்களா ஐயா?” என்றார். பிழை அவருடையதன்று. நாம் கற்பித்த கடிதத்தில் இவற்றுக்கு இடமே இருந்ததில்லை.

அதன்பின் தகவல் பெறும் உரிமைச் சட்டம், 2005-ஐ வகுப்பறைக்குக் கொண்டு வந்தோம். அதன் ஆறாம் பிரிவின்படி விண்ணப்பத்தைத் தமிழிலேயே எழுதலாம். காரணம் கூற வேண்டியதில்லை. பொதுவாக 30 நாள்களுக்குள் விடை தரப்படல் வேண்டும். காரணம் வேண்டா என்னும் அவ்விதியே சிறந்த மொழிப்பயிற்சி. இரக்கம் தேடும் தொடர்களை அடித்துவிட்டு வினாவை மட்டும் நிறுத்த வேண்டியுள்ளது. “எனக்கு ஏன் தரவில்லை?” என்றால் அலுவலகம் நழுவ இடமுண்டு. “இன்ன எண்ணுள்ள விண்ணப்பத்தின்மீது எந்நாளில் என்ன நடவடிக்கை எடுக்கப்பட்டது?” என்றால் கோப்பைப் பார்த்தே விடையிறுக்க வேண்டும். பவணந்தியார் நன்னூலில் கூறும் பத்துக் குற்றங்களுள் குன்றக் கூறலையும் மிகைபடக் கூறலையும் நாம் இத்துணைத் தெளிவாக முன்னர் விளக்கியதில்லை!

பேச்சுக்கும் இதுவே வழி. ஒருவர் எழுத்தராகவும் மற்றவர் மனுதாரராகவும் எதிரெதிரே அமர்கின்றனர். பட்டிமன்றத்தில் முழங்கும் மாணவர் இங்கே தடுமாறுவதைக் கண்டோம். வாய்பேசாதிருந்த சிலர் தெளிவாக உரையாடுவதையும் கண்டோம். வங்கிச் சலான், ஜமாஅத் கூட்ட அறிவிப்பு, மின்கட்டண அட்டை என, வேண்டிய தாள்கள் மாணவர் வீட்டிலேயே கிடைக்கின்றன.

இவை இலக்கியத்தின் இடத்தைப் பறித்துவிடும் எனப் பெரியோர் சிலர் அஞ்சுகின்றனர். சீறாப்புராணம் நடத்தும் நாமும் அதற்கு உடன்படோம். வாரம் ஒரு பாடவேளையே கேட்கின்றோம்.

மூன்றாம் முறை எழுதியபோது அம்மாணவியின் விண்ணப்பம் ஒன்பது வரிகளில் முடிந்தது. பெயரை நீக்கி, அவர் இசைவுடன், இவ்வாண்டு முதலாண்டு வகுப்புக்கு அதனையே பாடமாக வைத்துள்ளோம்.