சேதுப் பாதையில் சோறு

ராமேஸ்வரம் போகிறவர் இன்று எங்கே சாப்பிடலாம் என்று ஆட்டோக்காரரைக் கேட்கிறார். இருநூறு ஆண்டுகளுக்கு முன் அந்தக் கவலையை அரசர்கள் சுமந்தார்கள். சேதுவுக்கு நடந்து வருகிறவர்களுக்காகத் தஞ்சை மராட்டியரும் ராமநாதபுரம் சேதுபதிகளும் வழிநெடுகச் சத்திரம் கட்டி, செலவுக்கு நிலமும் எழுதிவைத்தார்கள். இரண்டாம் சரபோஜி 1802இல் ஒரத்தநாட்டில் எழுப்பிய முக்தாம்பாள் சத்திரம் இன்னும் நிற்கிறது. தீவுக்குள் நுழைந்தால் அக்காள்மடம், தங்கச்சிமடம், முகுந்தராயர் சத்திரம் என ஊர்ப்பெயர்களே பழைய தங்கல்களைக் காட்டிக்கொடுக்கும்.

அதைப் பொற்காலம் என்று கொண்டாட மாட்டேன். சோறு பலருக்கும் கிடைத்தது. பந்தி மட்டும் சாதி பார்த்துப் பிரிந்தது. ஆனால் வழிப்போக்கனின் பசிக்கு அரசு பொறுப்பு என்ற எண்ணம் அதில் இருந்தது. தஞ்சை அரசு 1855இல் முடிவுக்கு வந்தது. 1914இல் பாம்பன் பாலத்தில் ரயில் ஓடியது. வாரக்கணக்கில் நடந்தவனுக்கு வழியெல்லாம் சோறு வேண்டும். ரயிலில் வருகிறவனுக்கு இறங்குகிற இடத்தில் இருந்தால் போதும். வழிச்சத்திரங்களில் உலை அணைய, கோயிலைச் சுற்றி ஓட்டல்கள் முளைத்தன.

கோயில் தெருக்களில் இன்று வடஇந்திய யாத்திரிகருக்குச் சப்பாத்தியும் பருப்பும், நமக்கு இட்லியும் சாம்பாரும். பெரும்பாலும் சைவம்தான். இதில் எனக்கு வருத்தமில்லை, கோயில் ஊர் அப்படித்தான் இருக்கும். வருத்தம் வேறிடத்தில். நாற்புறமும் கடல் சூழ்ந்த தீவு இது. பாதி ஊர் மீனால் பிழைக்கிறது. ஆனால் விலைபோகும் இறாலும் கணவாயும் நண்டும் ஐஸ் பெட்டியில் ஏறி வெளியூருக்கும் வெளிநாட்டுக்கும் போய்விடுகின்றன. சூடையும் காரலும் போட்டு மீனவர் வீட்டில் கொதிக்கும் புளிக்குழம்பு, சுறாப்புட்டு இவையெல்லாம் வந்துபோகிறவர் கண்ணில் படுவதேயில்லை. தரிசனம் முடித்து ரயிலேறும் ஒருவர், கடல் ஊருக்குப் போனதன் ருசியே அறியாமல் திரும்பலாம்.

அந்தக் குறையை ஓரளவு தீர்ப்பது தனுஷ்கோடி. 1964 டிசம்பர் புயல் அந்த ஊரை அழித்தது. வாழத் தகுதியற்ற இடம் என்று அரசு அறிவித்தது. மீனவக் குடும்பங்கள் மட்டும் விட்டுப்போகவில்லை. அரிச்சல்முனை வரை 2017இல் தார்ச்சாலை வந்தபின் கூட்டமும் வந்தது. ஓலைக் கொட்டகைகளில் மசாலா தடவிய மீனை அடுக்கிவைத்து, கைகாட்டியதைப் பொரித்துத் தருகிறார்கள். நடைமுறையில் இந்த ஊருக்குத் தன் கடலைப் பரிமாறும் பந்தி இதுதான். நிலையற்ற கொட்டகைகள் என்று இவர்களை விரட்டாமல், நல்ல தண்ணீரும் கழிவு அகற்றும் வசதியும் செய்துகொடுப்பது நிர்வாகத்தின் வேலை. வழிப்போக்கனுக்குச் சோறிட அன்று மானியம் எழுதிவைத்த நாட்டில் இது பெரிய கோரிக்கை இல்லை.

போகிறவர்களுக்கு ஒன்று: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடை. கோடை விடுமுறைக் கூட்டமும் அப்போதுதான். நாட்டுப்படகில் வந்த மீனா என்று கேட்டுச் சாப்பிடுங்கள். விலை சற்றுக் கூடத்தான் இருக்கும்.