தலாக் சான்று யாருக்காக?

நிக்காஹ் நடக்கும்போது நாம் காட்டும் கவனம் பெரிது. பெண்ணின் சம்மதம் கேட்கப்படுகிறது. வலீ அமர்ந்திருக்கிறார். இரு சாட்சிகள் இருக்கின்றனர். மஹர் இவ்வளவென்று தஃப்தரில் எழுதிக் கையொப்பம் வாங்குகிறோம். அதே மணவாழ்வு முறியும்போது அந்தக் கவனம் எங்கே போய்விடுகிறது? கணவன் எழுதிய கடிதம் ஒன்று, அதன்மேல் முத்திரையிட்ட தாள் ஒன்று. அத்துடன் காரியம் முடிந்ததென்று எண்ணிவிடுகிறோம். அந்த எண்ணத்தோடுதான் நமக்கு வழக்கு.

நம் நெல்லைச் சீமையிலேயே நடந்ததைச் சொல்வோம். 2010-ஆம் ஆண்டில் மணம் முடித்த தம்பதியர். பிணக்கு முற்றிக் கணவர் தலாக் அறிவிப்புகள் அனுப்பினார். மூன்றாம் அறிவிப்பு உண்மையில் கொடுக்கப்பட்டதா என்பதே பின்னர் வழக்காயிற்று. எனினும் 2017-இல் ஷரீஅத் கவுன்சில் ஒன்று மணவிலக்குச் சான்று வழங்கிவிட்டது. மனைவி ஒத்துழைக்கவில்லை என்ற பழியும் அச்சான்றிலேயே ஏறியது! கணவர் மறுமணம் செய்துகொண்டார். அப்பெண்மணி 2018-இல் திருநெல்வேலி நடுவர் நீதிமன்றத்தில் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டப்படி மனுச் செய்தார். 2021-இல் அவருக்கு ஐந்து இலட்ச ரூபாய் இழப்பீடும், பிள்ளைக்கு மாதாந்தர ஜீவனாம்சமும் தீர்ப்பாயின. கணவரின் மேல்முறையீடு தோற்றது. 2024 அக்டோபரில் உயர்நீதிமன்ற மதுரைக் கிளையும் அவருடைய மனுவைத் தள்ளியது. தலாக்கை மனைவி மறுக்கும்போது, மணம் முறிந்ததென்று நீதிமன்றத்தில் தீர்ப்புப் பெறவேண்டிய பொறுப்பு கணவனுடையது. தனியார் அமைப்பு நீதிமன்றமாகாது என்றது அத்தீர்ப்பு.

இது புதிய செய்தியுமன்று. காஜிமார் தரும் தலாக் சான்று வெறும் கருத்துரையே, அது நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாது என்று சென்னை உயர்நீதிமன்றம் 2017 ஜனவரியிலேயே கூறிவிட்டது. அதற்குப் பின்னரும் நம் மஹல்லாக்களில் முத்திரை ஓயவில்லை என்பதே நமது வருத்தம்.

'ஷரீஅத்தில் கை வைக்கிறார்கள்' என்று கொதிப்போர் நம்மில் உளர். அந்த அச்சத்தை நாம் எள்ளவில்லை. உத்தரகண்ட் மாநிலத்தில் 2025 ஜனவரி முதல் பொதுச் சிவில் சட்டம் நடைமுறைக்கு வந்திருப்பதை நாமும் அறிவோம். ஆனால் அந்தத் தாள்தானா ஷரீஅத்? தம்பதியரிடையே பிளவு அஞ்சப்படுமானால் அவன் குடும்பத்திலிருந்து ஒருவரையும் அவள் குடும்பத்திலிருந்து ஒருவரையும் நடுவராக அனுப்புமாறு சூரத்துன் நிஸா பணிக்கிறது. நேர்மையாளர் இருவரைச் சாட்சியாக்குமாறு சூரத்துத் தலாக் கூறுகிறது. நம் ஜமாஅத் அலுவலகத்தில் அவளுடைய நடுவர் எந்த நாற்காலியில் அமர்ந்தார்? அவள் வாசற்படிக்கு வெளியே முக்காட்டை இழுத்துவிட்டு நிற்க, உள்ளே ஆண்கள் கூடிப் பேசி முடிப்பதற்குத் திருமறையில் ஆதாரம் காட்டுவோர் காட்டட்டும்.

நீதிமன்ற வாசலை மிதிப்பதே மார்க்க விரோதம் என்பாருக்கு ஒன்று நினைவூட்டுவோம். அந்த வாசலைத் திறந்தவர்களே ஆலிம்கள்தாம். கணவன் காணாமற் போனாலும் சோறு போடாமல் கைவிட்டாலும் ஹனஃபி மத்ஹபின்படி விடுதலை பெற வழியின்றிப் பெண்கள் தவித்தனர். தளை அறுக்க மார்க்கத்தையே துறந்தவர்களும் இருந்தனர். மௌலானா அஷ்ரஃப் அலீ தானவி மாலிக்கி மத்ஹபின் தீர்வை எடுத்தாண்டு அதற்கென நூலே எழுதினார். அதன் விளைவாகவே 1939-இல் முஸ்லிம் திருமண ரத்துச் சட்டம் பிறந்தது. கணவன் நான்காண்டு காணாமற் போனால், ஈராண்டு ஜீவனாம்சம் தராவிட்டால், கொடுமை செய்தால், இன்னும் சில காரணங்களாலும் பெண் நீதிமன்றத்தில் விடுதலை கோரலாம். எண்பது ஆண்டுக்கு மேலாக இருக்கும் இந்த உரிமையை நம் மிம்பர்களில் எத்தனை முறை எடுத்துச் சொல்லியிருக்கிறோம்?

குலாவின் கதை இன்னும் சிக்கலானது. ஸாபித் இப்னு கைஸ் (ரலி) அவர்களின் மனைவி, மஹராகப் பெற்ற தோட்டத்தைத் திருப்பித் தந்து விடுதலை பெற்றதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஏற்றருளினார்கள். அந்த உரிமை இன்று மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடுகிறது! நீதிமன்றத்திற்கு வெளியேயும் குலா செல்லும் என்று கேரள உயர்நீதிமன்றம் 2021-இல் தீர்த்தது. தெலங்கானா உயர்நீதிமன்றம் 2025-இல் கணவனின் இசைவும் தேவையில்லை என்றது. நம் சென்னை உயர்நீதிமன்றமோ, ஷரீஅத் கவுன்சில் தந்த குலாச் சான்று செல்லாது, குடும்ப நீதிமன்றத்தை நாடுக என்று 2023-இல் கூறியது. செங்கோட்டையைத் தாண்டி ஆரியங்காவில் பிறந்திருந்தால் ஒரு நீதி, கடையநல்லூரில் பிறந்ததனால் ஒரு நீதி.

அரசையும் நாம் விடுவதற்கில்லை. குடும்ப வன்முறை மனுவை முதல் விசாரணை நாளிலிருந்து அறுபது நாளில் முடிக்க முயலவேண்டும் என்கிறது சட்டம். மேற்சொன்ன நெல்லை வழக்கில் முதல் தீர்ப்புக்கே மூன்றாண்டு, உயர்நீதிமன்றம் வரை ஆறாண்டு ஆயிற்று. குடும்ப நீதிமன்றச் சட்டம் 1984-இல் வந்தபோது, சமரசத்துக்கு முதலிடம், வக்கீல் உரிமையாக வாதாட இயலாது, எளிய நடைமுறை என்றெல்லாம் கூறினர். நடப்பென்ன? மேலப்பாளையத்துப் பெண் சுளகைக் கீழே வைத்துவிட்டுப் பாளையங்கோட்டைக்கு வந்தால் அன்றைய பீடிக் கூலி போயிற்று. ஆயிரம் பீடிக்கு இவ்வளவென்று எண்ணி வாங்குபவளுக்கு 'வாய்தா' என்ற ஒரு சொல் ஒருநாள் பட்டினி. 2019-இன் சட்டமோ உடனடி முத்தலாக் கூறியவனை மூன்றாண்டு வரை சிறையிலிட வழி செய்தது. சிறையில் இருப்பவன் எதைச் சம்பாதித்து அவளுக்குத் தருவான் என்று கேட்டவர்களுக்கு விடை கிடைக்கவில்லை. அதைவிட, மணவிலக்குப் பெற்ற பெண்ணும் ஜீவனாம்சம் கோரலாமென உச்சநீதிமன்றம் 2024 ஜூலையில் உறுதி செய்ததே அவளுக்குப் பயன்படும்.

ஆகவே ஜமாஅத்துகளைக் கேட்கிறோம். சான்று எழுதுவதை நிறுத்துங்கள். நடுநிலைப் பேச்சை நடத்துங்கள். அவள் பக்கத்து நடுவர் வரும்வரை ஏட்டைத் திறவாதீர்கள். அவர் பெண்ணாயிருந்தால் நாற்காலி கொடுங்கள். பேசியதை எழுதி இருவருக்கும் படி தாருங்கள். மஹரும் இத்தாக் காலச் செலவும் பிள்ளைகளின் பங்கும் எவ்வளவு, எந்நாளுக்குள் என்பது அதில் இருக்கட்டும். இசைவு ஏற்படாவிடில், அவளோடு நீதிமன்றம்வரை செல்ல மஹல்லாவிலிருந்து ஒருவரை அனுப்புங்கள். அவளது பேருந்துக் கட்டணத்தையும் அன்றைய கூலியையும் பைத்துல்மாலிலிருந்து கொடுங்கள்.