அப்பாவின் வெற்றிலைப் பை



நான்காம் ஆண்டு மாணவி ஒருத்தி 'என் தாத்தா' என்னும் தலைப்பில் கட்டுரை எழுதியிருந்தாள். தாத்தாவுக்கு மாலைதோறும் தான்தான் வெற்றிலை மடித்துக் கொடுப்பதாகவும், புகையிலையைக் கிள்ளி வைப்பதும் தன் வேலை என்றும் அதில் பெருமையோடு குறிப்பிட்டிருந்தாள். பிழையில்லாத வாக்கியங்கள். சிவப்பு மையால் சரி போடப் போன என் கை அப்படியே நின்றுவிட்டது. ஏழெட்டு வயதில் அதே வேலையை நானும் செய்தவள்தான். காம்பைக் கிள்ளி, நரம்பை உரித்து, சுண்ணாம்பைத் தடவி மடித்துக் கொடுத்தால் "என் பாப்பா மடிச்சாத்தான் ருசி" என்பார் அப்பா. அந்தச் சொல்லுக்காகவே நான் வாசலில் காத்திருப்பேன்.

என் தந்தையார் ரிங்லெட் வட்டாரத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பதினாறு வயது முதல் உழைத்தவர். கேமரன் மலைக்கு வருகின்றவர்கள் பச்சைக் கம்பளம் விரித்தாற்போல் இருக்கிறதென்று படம் பிடித்துச் செல்கிறார்கள். 1929ஆம் ஆண்டில் ஜே.ஏ. ரசல் 'போ' தோட்டத்தைத் தொடங்கியது முதல் இம்மலைச்சரிவுகளில் கொழுந்து எடுத்தவர்களுள் நம்மவர் பலர். விடியலில் பெரட்டுக்கு நிற்கும்போதே குளிர் எலும்பைத் தொடும். மழையானாலும் பனியானாலும் கூடை நிறைய வேண்டும். வெற்றிலை வாயிலிருந்தால் உடல் சூடேறும், பசி தெரியாது. வெண்சுருட்டுப் பிடிக்க ஒரு கை வேண்டும். கொழுந்து எடுப்பவருக்கோ இரண்டு கைகளும் வேலையில் இருக்கும். ஆகவே, இப்பழக்கத்தை வெறும் கெட்ட பழக்கம் என்று சொல்லிவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. அந்த வேலைக்கு அதுவும் ஒரு கருவியாக இருந்தது.

2012ஆம் ஆண்டின் இறுதியில் அப்பாவின் உள்கன்னத்தில் ஒரு புண் வந்தது. பல் குத்தியது என்றார். அம்மா மணத்தக்காளிக் கீரை சமைத்தார், தேங்காய்ப்பால் கொடுத்தார். சில மாதங்களில் அப்பா காரமில்லாத இரசம் கேட்கத் தொடங்கினார். பின்பு கஞ்சி மட்டும் போதுமென்றார். வயதாகிவிட்டது, அதனால் காரம் ஒத்துக்கொள்ளவில்லை என்று நாங்கள் எங்களுக்குள் சொல்லிக்கொண்டோம். பட்டயம் பெற்ற ஆசிரியை நான், நலக்கல்வி கற்பிப்பவள். ஏழு மாதங்களில் ஒரு நாள்கூட "வாயைத் திறங்கள் அப்பா, பார்க்கிறேன்" என்று கேட்டதில்லை. என் பள்ளிக்கு அரசாங்கப் பல் மருத்துவக் குழு வருகிறது. பிள்ளைகளின் வாயில் விளக்கடித்துப் பல் பல்லாக எண்ணிக் குறித்துக்கொள்கிறார்கள். நான் வரிசையை ஒழுங்குபடுத்திவிட்டு வீட்டுக்குத் திரும்புவேன். வீட்டில் அப்பா ஒரு பக்கமாகவே மென்றுகொண்டிருப்பார்.

ஈப்போவுக்குக் கொண்டு சென்றபோது தாடையெலும்பு வரை பரவியிருந்தது. கழுத்திலும் கட்டி. அறுவை, கதிரியக்கம் என்று ஓராண்டு மலையேறி இறங்கினோம். 2014இல் தம் அறுபத்து மூன்றாம் அகவையில் அப்பா மறைந்தார்.

இதைவிட என்னை வருத்துவது ஒன்று உண்டு. மருத்துவரைத் தனியே சந்தித்து, அப்பாவின் முன்னிலையில் அந்நோயின் பெயரைச் சொல்ல வேண்டாமென்று கேட்டுக்கொண்டவள் நான். எங்கள் வீட்டில் 'புண்' என்றே அதற்குப் பெயர். சுங்கை சிப்புட்டில் இருக்கும் தம் அக்காளை ஒருமுறை பார்த்துவர வேண்டுமென்று அப்பா மூன்று முறை கேட்டார். சுகமானதும் போகலாம் என்றோம். சுகமாகாது என்பது எங்களுக்குத் தெரியும். அவருக்கும் தெரிந்திருந்தது, அண்டை வீட்டு மாமாவிடம், "பிள்ளைங்க பயந்திருக்கு, எனக்குத் தெரியும்னு காட்டிக்காதீங்க" என்று சொல்லியிருக்கிறார். இழவு வீட்டில்தான் இது எங்கள் காதுக்கு வந்தது. அத்தையும் அன்றுதான் அவரைப் பார்க்க வந்தார்.

எங்கள் வீட்டுச் சுவரில் அறிஞர் அண்ணாவின் படம் உண்டு. 1969 பிப்ரவரி 3ஆம் நாள் அண்ணா மறைந்த செய்தி தோட்டத்திற்கு வந்தபோது அப்பாவுக்குப் பதினெட்டு வயது. லயத்தில் யாரும் அடுப்பு மூட்டவில்லை என்பார். உணவுக்குழாயில் புற்றுநோய் கண்டு, முதல் ஆண்டே நியூயார்க் சென்று சிகிச்சை பெற்றவர் அண்ணா. அப்பாவோ அதைக் கடைசிவரை 'தொண்டை நோவு' என்றே சொல்லி வந்தார். பெயரைச் சொன்னால் வந்துவிடும் என்பது நம் அச்சம். சொல்லாமலிருந்தும் வந்ததே!

தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, அத்துயரை மனத்திற்குள் பூட்டி வைக்கவில்லை. அதுவே 1954இல் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனையாக எழுந்தது. நாம் மருத்துவமனை கட்ட வேண்டியதில்லை. வகுப்பில் வாய் திறந்தால் போதும்.

வெண்சுருட்டு தீது, மது தீது என்று கற்பிக்கிறோம். படம் வரையச் சொல்கிறோம். வெற்றிலையைப் பற்றி நான் ஒரு சொல் சொன்னதில்லை. அது நம் பண்பாடாயிற்றே என்னும் தயக்கம். தாம்பூலம் மாற்றுவதையோ, தட்டில் வைத்து மரியாதை செய்வதையோ நான் குறை கூறவில்லை. தட்டிலிருக்கும் வெற்றிலை எவரையும் கொன்றதில்லை. நாள் முழுதும் கன்னத்தில் ஒதுக்கும் பாக்கும் புகையிலையும் வேறு. புகையிலை சேர்த்தால்தான் கேடு என்று நம்மவர் நினைக்கிறார்கள். உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, பாக்கே புற்றுநோயை உண்டாக்கும் என்று 2004இல் வகைப்படுத்திவிட்டது. இந்நாட்டில் வாய்ப் புற்றுநோய் மற்ற இனத்தாரைவிட இந்தியரிடையே மிகுதி. இரண்டு மூன்று வாரங்களில் ஆறாத புண், துடைத்தாலும் போகாத வெள்ளைத் திட்டு, வாயை முழுதாகத் திறக்க முடியாமை ஆகியவற்றைப் பத்து வயதுப் பிள்ளையும் புரிந்துகொள்வான். தொடக்கத்தில் கண்டால் காப்பாற்றக்கூடிய நோய் இது. கண்ணாடி முன் நின்று வாயைத் திறந்தாலே பாதிச் சோதனை முடிந்தது.

அம்மாணவியின் ஏட்டில் சரி போட்டேன். பிறகு அவளை அழைத்து, தாத்தாவின் வாயில் புண் இருக்கிறதா என்று கேட்டு வரச் சொன்னேன். மறுநாள் அவள் தாயார் பள்ளிக்கு வந்தார், சற்றுக் கோபத்தோடு. பேசினோம். அடுத்த வாரம் பெரியவரைத் தானா ராத்தாவுக்கு அழைத்துச் சென்றிருக்கிறார்கள்.

என் அம்மாவும் வெற்றிலை போடுபவர். சென்ற பள்ளி விடுமுறையில் ஒருவழியாகச் சம்மதிக்க வைத்து, மகிழுந்தில் சிகிச்சையகத்திற்குக் கிளம்பினேன். வளைந்து வளைந்து செல்லும் சாலையில் நெடுநேரம் பேசாமல் வந்தவர், பையை மடியில் இறுக்கிக்கொண்டு சொன்னார்:

"எதுவா இருந்தாலும் அப்பாகிட்ட மறைச்ச மாதிரி என்கிட்ட மறைக்காதே, பாப்பா."

சரியம்மா என்றேன்.